ஆமை முதுகுல ஏறுன குழாய்ப்புழு: எல்லாரும் கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

கொஞ்ச நாளா எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ சுத்துது. ஒரு ஆமை, அது முதுகு பூரா வெள்ளையும் பழுப்புமா குச்சி குச்சியா ஏதோ முளைச்சு நிக்குது, கீழ "ஆமைக்கு பவளம் முளைத்த அதிசயம், பத்து பேருக்கு அனுப்பவும்"னு எழுதியிருக்கு. நான் தூத்துக்குடிக்காரன், 11 வருஷம் கப்பல்ல இஞ்சின் ரூம்ல கெடந்தவன், அதனால தண்ணி, உப்பு, கப்பல்னு எது வந்தாலும் "அண்ணே இது என்ன"ன்னு என்கிட்டதான் வருவாங்க. இது பவளம் இல்லப்பா, புழுன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அதுக்கப்புறம் கேள்வி நிக்கவே இல்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போடுறேன்.

கேள்வி: அண்ணே, புழுன்னா வழுவழுன்னு நெளியணும். இது கல்லு மாதிரில்ல இருக்கு?

கல்லு அதோட வீடு. புழு உள்ள இருக்கு. 2, 3 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், மெல்லிசு, மண்புழு மாதிரி ஊர்ந்து திரியாது. குட்டியா இருக்கும்போது ஒரு இடத்துல ஒட்டுச்சுன்னா தண்ணில இருக்குற சுண்ணாம்புச் சத்த எடுத்து தன்னைச் சுத்தி ஒரு குழாய் கட்டிக்கும், நம்ம பால்பாயின்ட் ரீஃபில் பருமனுக்கு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்தக் குழாய்தான். நடுநடுவுல குழாய்ல ஒரு விளிம்பு வெளிய விரிஞ்சு நிக்கும், நாதஸ்வரத்து அணசு மாதிரி, சின்ன சைஸ்ல. வளந்து, நின்னு, திரும்ப வளந்த எடம் அது.

தலைப்பக்கம் இறகு மாதிரி ஒரு கொத்து இருக்கும். அதைக் குழாய் வாய்க்கு வெளிய விரிச்சு வெச்சுக்கிட்டு தண்ணில மிதக்குற பாசித்தூள், அழுக்கு எல்லாத்தையும் வடிகட்டித் தின்னும். மேல உன் நிழல் விழுந்தா போதும், சட்டுனு உள்ள போயிரும், போகும்போது ஒரு மூடியாலே கதவையும் சாத்திக்கும். அந்த மூடில கருப்பா சின்னச் சின்ன முள்ளு இருக்கும், மத்த குழாய்ப்புழுல இருந்து இதைப் பிரிச்சுச் சொல்ல ஆராய்ச்சிக்காரங்க பாக்குற அடையாளத்துல அது ஒண்ணு.

தனியா ஒண்ணு இருந்தா யாருக்கும் தெரியாது. ஆனா இதுக்கு சொந்தக்காரங்க பக்கத்துலயே வீடு கட்டுற புத்தி. குட்டிங்க ஏற்கனவே புழு ஒட்டுன எடமாப் பாத்துத்தான் வந்து ஒட்டும். அதான் வருஷம் போகப் போக பாறை மாதிரி ஆயிருது.

கேள்வி: பேரு என்ன? எந்த நாட்டுப் புழு?

பேரு ஃபிகோபொமேட்டஸ் எனிக்மாட்டிகஸ். வாய்ல நுழையாது, பரவாயில்ல, ஆனா அந்த ரெண்டாவது வார்த்தை முக்கியம், அதுக்கு புதிர்னு அர்த்தம். 1921-ல பிரான்ஸ்ல கான்னு ஒரு ஊர்ல, ஊருக்கும் கடலுக்கும் நடுவுல ஓர்ன் ஆத்த ஒட்டி ஓடுற கப்பல் கால்வாய்ல இது திடீர்னு தென்பட்டுச்சு. 1923-ல ஃபோவெல்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி விவரமா எழுதி பேரு வெச்சார். எங்க இருந்து வந்துச்சுன்னு அவருக்கே பிடிபடல, அதான் புதிர். அந்தச் சமயமே, 1922-ல, லண்டன் டாக்லயும் இதைப் பாத்துட்டாங்க. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ பக்கமும் அந்தக் காலத்துலயே வந்தாச்சு.

பொறந்த ஊரு தென் ஆஸ்திரேலியாவா இருக்கும்னு இப்போ பெரும்பாலும் சொல்றாங்க, ஊருக்குள்ள அதைக் கூப்பிடுறதே ஆஸ்திரேலியக் குழாய்ப்புழுன்னுதான். ஆனா அங்கயே டிஎன்ஏ எடுத்துப் பாத்தா, வெளிய ஒரே மாதிரி இருக்குற புழுங்க ஒண்ணுக்கு மேல பட்ட இனமா பிரியுது. அதனால நூறு வருஷம் கழிச்சும் அந்தப் பேரு அதுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.

கேள்வி: புழு நீந்தாது, நகராது. அப்புறம் எப்படி கண்டம் விட்டு கண்டம் போச்சு?

இது என் ஏரியா. ரெண்டு வழி. ஒண்ணு கப்பல் அடில ஒட்டிக்கிட்டு. இன்னொண்ணு பலாஸ்ட் தண்ணி. கப்பல்ல சரக்கு இல்லன்னா அது நேரா நிக்கணும்னு டேங்க்ல தண்ணி ஏத்துவோம், அடுத்த போர்ட்ல சரக்கு ஏறும்போது அந்தத் தண்ணிய வெளிய விடுவோம். இந்தப் புழுவோட முட்டையும் விந்தும் தண்ணிலயே கலந்து குஞ்சாகும், அந்தக் குஞ்சு கண்ணுக்கே தெரியாத சைஸ்ல மூணு வாரம் போல மிதந்துக்கிட்டே கெடக்கும். மூணு வாரத்துல கப்பல் எங்கெல்லாம் போயிரும்னு நீயே கணக்குப் போட்டுக்க.

ஒரு தடவ தென் அமெரிக்காவுல ஒரு ஆத்துத் துறைமுகத்துக்கு வெளிய அஞ்சு வாரம் ஆங்கர் போட்டுக் கெடந்தோம், சரக்கு பிரச்சனை. கப்பல் ஓடாம ஒரே எடத்துல, வெதுவெதுன்னு ஆத்துத்தண்ணியும் கடல்தண்ணியும் கலந்த எடத்துல நின்னா அடில என்ன நடக்கும்னு அப்போ எனக்குத் தெரியாது, நான் அப்போ ஃபோர்த் இஞ்சினியர், சின்னப் பையன். கிளம்பி ரெண்டாவது நாள் கூலிங் வாட்டர் டெம்பரேச்சர் ஏறுது, ஸீ வாட்டர் பிரஷர் எறங்குது, சீஃப் இஞ்சினியர் வந்து நான் ஏதோ வால்வை மூடி வெச்சுட்டேன்னு காது கிழியக் கத்துறார். ஸ்ட்ரெய்னரை, அதான் தண்ணி வடிகட்டுற பெட்டியை, தொறந்தோம். உள்ள இருக்குற கூடைய வெளிய எடுத்துக் கவுத்தா இரும்புத் தட்டுல சடசடன்னு விழுது, ஒடைஞ்ச பீங்கான் மாதிரி, வெள்ளை வெள்ளையா குழாய், கொட்டலசு (பாறைலயும் கப்பல்லயும் ஒட்டுற ஓட்டு உயிரு), நடுவுல ஒரு குட்டி நண்டு உயிரோட ஓடுது. அரை வாளிக்கு மேல. எல்லாம் கடல்தண்ணி உள்ள வர்ற ஸீ செஸ்ட்டுக்குள்ள வளந்து ஒடைஞ்சு வந்தது. சீஃப் ஒண்ணும் பேசாம மேல போயிட்டார், ஸாரியெல்லாம் கேக்க மாட்டாங்க.

அந்தக் குழாய்ங்க இதே இனம்தான்னு நான் சொல்ல வரல, இந்தக் குடும்பத்துல நிறைய பேர் இருக்காங்க. கப்பலோட வெளித்தோல மட்டும் பெயின்ட் அடிச்சுட்டா போதும்னு நெனைக்கிறவங்களுக்காகச் சொல்றேன், கப்பலுக்கு உள்ளயும் பொந்து இருக்கு, அங்க தண்ணியோட வேகம் தெரியாது, பெயின்ட்டும் சரியா ஏறாது, புழுவுக்கு ஏசி கோச் மாதிரி.

கேள்வி: கடல் இவ்ளோ பெருசா இருக்கே, ஏன் ஆத்து முகத்துவாரத்துல வந்தே உக்காருது?

கடல்தண்ணில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. முகத்துவாரத்துல காலைல ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு, மழை பேஞ்சா ஒரு அளவு. பெரும்பாலான உயிருக்கு இந்த ஏத்த இறக்கம் தாங்காது, அதனால அங்க போட்டி கம்மி. இந்தப் புழு கிட்டத்தட்ட நல்ல தண்ணில இருந்து கடல் உப்பு வரைக்கும் தாக்குப் பிடிக்கும். குட்டி போட மட்டும் நடுத்தரமான உப்பு வேணும், 10-ல இருந்து 30 கிராமுக்குள்ள, தண்ணியும் 18 டிகிரிக்கு மேல இருக்கணும்.

ஆனா உப்பு மட்டும் இல்ல. தண்ணி ஓடக்கூடாது, தேங்கி நிக்கணும். தின்ன பாசி நிறைய மிதக்கணும், அதாவது சாக்கடையும் உரமும் கலந்த தண்ணின்னா கொண்டாட்டம். ஒட்டுறதுக்கு கெட்டியா ஒண்ணு வேணும், கல்லோ கட்டையோ சுவரோ. இதையெல்லாம் சேத்து வெச்சுப் பாரு, அது என்ன எடம்? டாக். கால்வாய். போட் நிறுத்துற மெரினா. அணைகட்டி மறிச்ச முகத்துவாரம். அது மொதமொதல்ல கண்ணுல பட்டது எங்க? கால்வாய், டாக். புழு வந்தது கப்பல்லன்னாலும் பாய் போட்டு தலகாணி வெச்சுக் குடுத்தது நாமதான். என்கிட்ட வர்ற எந்தக் கேள்வியா இருந்தாலும் பதில் சுத்திச் சுத்தி இங்கதான் வந்து நிக்குது.

கேள்வி: சரி, அந்த ஆமை? எங்க எடுத்த போட்டோ அது?

ஃபார்வேர்டு ஆகி ஆகி வந்த அந்த ஒத்தப் படம் யார் எடுத்ததுன்னு தேடுறதுல அர்த்தமில்ல, ஆனா இந்த மாதிரி ஆமைங்க நூத்துக்கணக்குல கெடச்ச எடம் ஆஸ்திரேலியாவுல மர்ரே ஆத்து முகத்துவாரம். கதைய முழுசா சொல்றேன், ஏன்னா இதுதான் எனக்கு ரொம்ப மனசுல நின்னது.

மர்ரே ஆறு கடல்ல சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு பெரிய ஏரிகளா விரியும், பெரியதுக்குப் பேரு அலெக்சாண்ட்ரினா. விவசாயத்துக்கு நல்ல தண்ணி வேணும், கடல் உள்ள வரக்கூடாதுன்னு 1935-ல இருந்து 1940-க்குள்ள அஞ்சு தடுப்பணை கட்டிட்டாங்க. ஏரி நல்ல தண்ணி ஏரியாயிருச்சு, நல்ல தண்ணி ஆமைங்க அதுல சந்தோஷமா இருந்துச்சு. அணைக்கு அந்தப் பக்கம் உப்பு, அங்க குழாய்ப்புழு. இந்தப் பக்கம் ஆமை. வேலி நடுவுல.

அப்புறம் 1990-கள் கடைசில ஒரு பஞ்சம் ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல போச்சு. மேல எல்லா ஊர்லயும் ஆத்துத் தண்ணிய உறிஞ்சி முடிச்சு கீழ வர்றதுக்கு ஒண்ணுமில்ல. சாதாரணமா கடல் மட்டத்துக்கு முக்கால் மீட்டர் மேல நிக்கிற ஏரி, 2009-ல கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழ போயிருச்சு. அதாவது கடல விடப் பள்ளம். தண்ணி வத்த வத்த உப்பு கூடுச்சு, புழுவுக்கு வேலி தொறந்த மாதிரி. உள்ள வந்து ஒட்டுறதுக்கு எடம் தேடுது, சேறு பூரா மெத்துமெத்துன்னு இருக்கு, கெட்டியா கெடச்சது ஆமை ஓடு.

ஆமை தப்பிச்சுப் போகலாமேன்னு என் பொண்ணு கேட்டா. அது மெதுவா திரியுற ஜீவன், சேத்துல அசையாம கெடக்கும், புழு ஒட்ட அதுவே போதும். முதுகுல ஆரம்பிச்சு ஓரம் வழியா அடிப்பக்கம் போய், தலையையும் காலையும் உள்ள இழுக்க முடியாத அளவுக்கு அடைச்சுக்கும். நீந்தும்போது பாரம். இரை பிடிக்க முடியாது, நரி வந்தா ஓட்டுக்குள்ள ஒளியவும் முடியாது. நெறைய செத்துப்போச்சு.

அந்த ஊரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான் எறங்கி வேலை பாத்தாங்க. ஏரிக்கரைல நடந்து ஆமையத் தேடி எடுத்துட்டு வந்து, ஓட்டுல இருந்து குழாயெல்லாம் கையாலயும் கருவியாலயும் ஒவ்வொண்ணா பேத்து எடுத்து, நல்ல தண்ணில கொஞ்ச நாள் வெச்சுத் தேத்தி விட்டாங்க. உங்க வாட்ஸ்அப் அதிசயத்துக்குப் பின்னாடி இருக்குறது இதுதான். 2010-ல வெள்ளம் வந்துச்சு, ஏரில திரும்ப நல்ல தண்ணி நெறஞ்சுச்சு, புழுவும் அடங்கிருச்சு. மருந்து அடிக்கல, மெஷின் வைக்கல. ஆறு வந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை கவனிச்சியா, இது வெளிநாட்டுப் புழுவே இல்ல, அந்தப் பக்கத்துப் புழுதான். பாஸ்போர்ட்டே தேவைப்படல.

கேள்வி: அப்போ உண்மையிலயே வெளிநாட்டுல போய் என்ன பண்ணுச்சு?

அர்ஜென்டினாவுல பியூனஸ் அய்ரஸ் மாகாணத்துல மார் சிக்கிட்டான்னு ஒரு காயல் இருக்கு, கிட்டத்தட்ட 46 சதுர கிலோமீட்டர், ஆழம் கம்மி, 1996-ல யுனெஸ்கோ உயிர்க்கோளப் பட்டியல்ல சேத்த எடம். அங்க இந்தப் புழு வட்ட வட்டமா பாறை கட்டி வெச்சிருக்கு. ஒரு சிப்பி ஓட்டுல ஒட்டி ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி வளந்து, 7 மீட்டர் அகலம் வரைக்கும், அரை மீட்டர் உயரம். நம்ம வீட்டு ஹாலே அவ்ளோ அகலம் இருக்காது. பக்கத்துப் பக்கத்து வட்டம் ஒண்ணோட ஒண்ணு சேந்து மேடையாயிருச்சு. முன்னாடி அந்தக் காயல்ல பாறைன்னு ஒண்ணே கெடையாது, வெறும் சேறுதான்.

பாறை வந்ததும் அந்த இடுக்குல ஒளிய நண்டு வந்துச்சு, நண்டு பெருகுனதும் சேத்துக்குள்ள இருந்த சின்ன உயிரையெல்லாம் போட்டுத் தின்னுச்சு. தண்ணி ஓடுற வேகமும் வண்டல் படியுற எடமும் மாறிப்போச்சு. பறவைங்க பாறை மேல உக்காந்து இரை தேட ஆரம்பிச்சிருச்சுங்க. போட்டுக்காரங்களுக்கு மட்டும் வயித்தெரிச்சல், நேத்து வரைக்கும் போன வழில இன்னைக்கு தட்டுது.

கேள்வி: இதுனால நல்லதே இல்லையா?

இருக்கு, அதான் தலைவலியே. தென்னாப்பிரிக்கா கேப் டவுன்ல, மியூசன்பெர்க் பீச்சுக்குப் பக்கத்துல ஸாண்ட்ஃப்ளேன்னு ஒரு முகத்துவாரம். அதை ஒட்டி 1970-கள்ல கால்வாய் வெட்டி மெரினா டா காமான்னு ஒரு குடியிருப்பு கட்டுனாங்க, கொல்லைப்பக்கம் கதவத் தொறந்தா தண்ணி, அவனவன் வீட்டுக்கு அவனவன் படகுத்துறை. அத்தனை கரையோரச் சுவர்லயும் நம்மாளு ஏறிட்டாரு. சுவர்ல இருந்து தடுக்கு மாதிரி தடிச்சு தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும், காலை வெச்சா கிழிக்கும், படகு அடில ஒட்டும், பாக்கவே அசிங்கம்னு குடியிருக்குறவங்க புலம்பல்.

1980-கள்ல ஆராய்ச்சிக்காரங்க அந்த மெரினாவுல இருக்குற புழுவையெல்லாம் சேத்துக் கணக்குப் போட்டாங்க. எல்லாம் சேந்து அந்த மெரினாவோட மொத்தத் தண்ணியையும் ஏறக்குறைய ஒரு நாள்ல வடிகட்டிருதாம். தினமும். கரண்ட் பில் இல்லாம. ஊரு அழுக்கெல்லாம் வந்து சேர்ற தேங்குன தண்ணி அது, புழு மட்டும் இல்லன்னா பச்சைப் பாசி கட்டி நாறிரும். அது மட்டுமில்ல, அந்தக் குழாய்க் கூட்டத்துக்குள்ள சின்ன நண்டு, கூனி இறால் மாதிரி பூச்சின்னு வெறும் சேத்துல இருக்குறத விட நெறைய உயிரு குடியிருக்கு, அதைத் தின்ன மீனு வருது.

இப்போ நீ சொல்லு, எடுக்கணுமா வேணாமா? என்னைக் கேட்டா, படகு வர்ற வழியிலயும் மதகுலயும் இருக்குறத மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை விட்டு வைக்கலாம், மொதல்ல உள்ள வர்ற அழுக்கை நிறுத்தணும். அழுக்கை நிறுத்தாம புழுவை மட்டும் எடுத்தா ரெண்டு வகையிலயும் நஷ்டம். இது என் கருத்து, அந்தப் படகுத்துறைல வெறுங்காலோட எறங்குறவன் வேற மாதிரி சொல்லுவான்.

கேள்வி: மாமா, ஒரு பெரிய ஸ்கிரேப்பர் எடுத்து சுரண்டிப் போட்டா முடிஞ்சிருச்சு, இதுக்கா இவ்ளோ பேச்சு?

மருமகனே, அங்கதான் மாட்டுவ. இந்தப் புழுவோட குழாய ஒடைச்சா அது அந்த அதிர்ச்சில முட்டையையும் விந்தையும் அப்படியே தண்ணில விட்டுரும். லேப்ல குஞ்சு வேணும்னா வேணும்னே குழாய ஒடைச்சுத்தான் எடுக்குறாங்க. வெயில் காலத்துல தண்ணிக்குள்ள வெச்சு நீ சுரண்டுனேன்னா ஒரு பிரசவ வார்டையே தொறந்து விட்ட மாதிரி. எடுத்தா தண்ணிய விட்டு மேல தூக்கி எடுக்கணும், இல்லன்னா குளிர்காலத்துல எடுக்கணும், எடுத்ததை திரும்ப தண்ணில போடக்கூடாது.

ஆத்துல நல்ல தண்ணி வேகமா ஓடுச்சுன்னா அதுவே பெரிய மருந்து. மர்ரேல பாத்தோமே.

கேள்வி: வெளிநாட்டுப் புழு எல்லாமே இப்படிப் பாறைதான் கட்டுமா?

இல்ல. ஐரோப்பாவுல பால்டிக் கடல் பக்கம் மாரென்செலேரியான்னு ஒண்ணு, வட அமெரிக்காவுல இருந்து வந்தது. 1980-கள் ஆரம்பத்துல ஸ்காட்லாந்து ஃபோர்த் முகத்துவாரத்துலயும், நெதர்லாந்து ஜெர்மனி நடுவுல இருக்குற எம்ஸ் முகத்துவாரத்துலயும் தலைகாட்டுச்சு, 1985-ல பால்டிக். அப்புறம் போலந்து, லித்துவேனியா, ஃபின்லாந்துன்னு போயிக்கிட்டே இருந்துச்சு. இது குழாய் கட்டாது, சேத்துக்குள்ள பொந்து தோண்டும். அந்த ஊருப் புழுங்க பெரும்பாலும் மேலாக்கதான் இருக்கும், இது 30 சென்டிமீட்டருக்கும் கீழ எறங்கிரும்.

அதுல என்ன இருக்குன்னு கேப்ப. பால்டிக் அடிச்சேறுன்னா அது நூறு வருஷத்து ஃபேக்டரிக் கழிவு பொதைஞ்சு கெடக்குற எடம். ஆழமா தோண்டுனா பொதைஞ்ச விஷம் மேல வரும்னு ஒரு பயம். இன்னொரு பக்கம், பொந்து வழியா ஆக்சிஜன் உள்ள போகுது, அதனால சேத்துல இருக்குற பாஸ்பரஸ் தண்ணிக்கு வராம அங்கயே பிடிச்சு நிக்கும், பாசி கொறையும், மூச்சு முட்டிக் கெடக்குற கடலுக்கு நல்லதுன்னு 2012-ல ஃபின்லாந்து, ஸ்வீடன் ஆளுங்க ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. ரொம்ப நாள் அது ஒரே புழுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க, அப்புறம் பாத்தா மூணு இனம், அதுல ஒண்ணுக்கு 2004-லதான் பேரே வெச்சாங்க. வந்து இருபது வருஷம் கழிச்சு பேரு. நம்ம வீட்டு மாடில குடிவந்தவன் பேரை இருபது வருஷம் கழிச்சுக் கேட்ட கதை.

கேள்வி: கப்பல் புழு, மரத்தைத் துளைக்குமே, அதுவா இது?

அது வேற. அது புழுவே இல்ல, நீளமா வளந்த ஒரு வகை சிப்பி. வள்ளத்துக்காரங்களுக்குத்தான் அந்தக் கவலை.

கேள்வி: உடம்புக்குள்ள போயிருமா? கடிக்குமா? மீன் சாப்பிடலாமா?

போகாது, கடிக்காது, சாப்பிடலாம். குழாய் விளிம்பு மட்டும் பிளேடு மாதிரி. கால்ல கிழிச்சா சாக்கடைத் தண்ணிப் புண்ணுன்னு நெனச்சு நல்லா கழுவி டிடி ஊசி போட்டுக்க.

கேள்வி: இதைத் தடுக்க சட்டம் எதுவும் இல்லையா?

பலாஸ்ட் தண்ணிக்கு இருக்கு. சர்வதேச கடல்சார் அமைப்பு 2004-ல ஒப்பந்தம் போட்டு, அது நடைமுறைக்கு வரவே 2017 செப்டம்பர் 8 ஆயிருச்சு. இப்போ கப்பல்ல தண்ணிய சுத்திகரிக்க மெஷின் வைக்கணும், வெளிய விடுற 1000 லிட்டர்ல ஓரளவு பெரிய சைஸ் உயிரு பத்துக்கும் கம்மியாத்தான் உசுரோட இருக்கலாம். நல்ல சட்டம், மெஷின் ரிப்பேரானா எங்க பசங்களுக்குத் தூக்கம் போகும், அது வேற கதை.

ஆனா கப்பல் தோல்ல ஒட்டி வர்றதுக்கு உலகம் பூரா செல்லுற கட்டாயச் சட்டம் கெடையாது. 2011-ல வழிகாட்டுதல் ஒண்ணு விட்டாங்க, 2023-ல திருத்துனாங்க, செஞ்சா செய், செய்யலன்னா விடு. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா மாதிரி சில எடத்துல தனியா விதி வெச்சிருக்காங்க. குழாய்ப்புழு வர்றது பெரும்பாலும் தோல்லதான், அதனால முன்வாசலப் பூட்டிட்டு கொல்லைய தொறந்து போட்ட கணக்கு.

முன்னாடி பெயின்ட்ல டின், அதான் வெள்ளீயம், சேந்த மருந்து கலந்து அடிப்பாங்க, அதுல லேசுல எதுவும் ஒட்டாது, ஆனா துறைமுகத்துல இருக்குற நத்தை சிப்பியெல்லாம் நாசமாச்சு, அதனால 2008-ல இருந்து உலகம் பூரா தடை. இப்போ தாமிரம் கலந்த பெயின்ட். அது தேஞ்ச எடத்துல புழு ஏறும்.

கேள்வி: நம்ம ஊர்ல இப்படி எதுவும் இருக்கா?

குழாய்ப்புழு குடும்பத்துல வேற இனங்க சென்னை துறைமுகத்துல ரொம்ப காலமா உண்டு, கொட்டலசோட சேந்து கப்பல் அடில ஏறும். ஆனா இப்போ முகத்துவாரத்துல நம்ம ஆளுங்க கண்ணீர் விடுறது புழுவால இல்ல, காக்கா ஆழியால. தென் அமெரிக்கப் பக்கத்துல இருந்து வந்த கருப்பு மட்டி. கேரளாக் காயல்ல மொதல்ல பாத்தாங்க, அப்புறம் எண்ணூர், கொசஸ்தலை ஆறு, பழவேற்காடுன்னு தரை பூரா கம்பளம் விரிச்ச மாதிரி படிஞ்சிருச்சு. சேறு மூடிப்போனதால இறால் பொதையுறதுக்கு எடமில்ல, மஞ்ச மட்டி காணாம போச்சு, கையால தடவி இறால் பிடிக்கிறவங்களுக்கு விரல் கிழியுது. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. அங்கயும் பாரு, துறைமுகம், அனல்மின் நிலையத்துச் சாம்பல், வெந்நீர், அடைபட்ட முகத்துவாரம் எல்லாம் ஏற்கனவே தயாரா இருந்துச்சு.

இன்னொண்ணு, நாம வாங்குனது மட்டும் இல்ல, குடுத்ததும் இருக்கு. 1960-ல இலங்கைல டி. ஜி. பிள்ளைங்குறவர் உவர்த் தண்ணில ஒரு குழாய்ப்புழுவுக்கு மொதமொதல்ல பேரு வெச்சார், உஷகோவின்னு. நம்ம ஆமைப் புழுவுக்குக் கூடப் பொறந்த தம்பி முறை. இப்போ அது பிரேசில்லயும் மெக்சிகோவுலயும் வெளிநாட்டுப் புழுன்னு பட்டியல்ல இருக்கு. அந்த ஊரு வாட்ஸ்அப்ல எவனாவது நம்மளத் திட்டிக்கிட்டு இருப்பான்.

கேள்வி: அண்ணே, எங்க மாமா ஃபைபர் படகு வெச்சிருக்கார், அடில இந்த மாதிரி வெள்ளைக் குழாய் இருக்கு. என்ன பண்ண?

மொதல்ல தண்ணிக்குள்ள வெச்சுச் சுரண்டச் சொல்லாத. கரைல நல்லா மேல ஏத்து. ரெண்டு மூணு நாள் வெயில்ல காயட்டும், ஒரு பக்கம் நிழல் இருந்தா போட்டைப் புரட்டிப் போடு, இஞ்சின் லெக்கும் தண்ணி இழுக்குற ஓட்டையும் மறக்காம பாரு, அங்கதான் ஒளிஞ்சிருக்கும். நல்ல தண்ணி கெடச்சா ஊத்து. அப்புறம் கீழ தார்ப்பாய் விரிச்சுக்கிட்டு சுரண்டு, கையில கிளவுஸ். விழுந்ததை ஆத்துல தள்ளாம அள்ளி சாக்குல கட்டி குப்பைக்குப் போடு. சாக்கை வீட்டுக்குப் பக்கத்துல மட்டும் வெச்சிராத. ஒரே நாள்ல நாத்தம் தெருமுனை வரைக்கும் வரும், இது கல்லுதானேன்னு கேட்டவங்க எல்லாம் அப்போ மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்பாங்க.